தொடக்கக் குறிக்கும் முடிவுக் குறிக்கும் நடுவே

மலைமேல் விளக்காகி மனத்துள்ளே அச்சமாய்
நிலையாத நெஞ்சத்து நீங்காது நின்றவனே!
அலையும் அடியேன் அகத்தொளித்த பொய்யைத்
தொலையாது காட்டுவாய் தூயபே ரொளியே!

மாசித் திங்கள், மக நன்னாள். நீராடி, நீறணிந்து, விளக்கின் முன் அமர்ந்து இதை எழுதுகிறேன்.

ஒரு மூதாட்டி சத்தியம் செய்து சொன்ன வாக்கை நான் அழித்தேன். அழித்ததை மறைக்க, அவள் சொல்லாததை அவள் சொன்னதாக எழுதினேன். எழுதியதன்மேல் அவளுடைய கட்டைவிரலையும் பதிய வைத்தேன்.

சொல்லிவிட்டேன். நீங்கள் யாரென்று நான் அறியேன். அறியாதவரிடம் சொல்வது எளிது என்று எண்ணியிருந்தேன். எளிதாக இல்லை!

என்னை ஊரார் எப்படி அறிவார்கள் என்பதை முதலில் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். ஒடுகத்தூரில் பதிகக்காரர் என்றால் அது நான்தான். பழைய பக்திப் பாடல்களை ஓதியே வளர்ந்தவன். ஏட்டைப் பாராமல் விடியலில் தொடங்கினால் உச்சிவேளை வரையில் சொல்வேன்; ஓரடி பிசகாது. இது இறைவன் தந்த கொடை என்று பிறர் புகழும்போது தலையைக் குனிந்துகொள்வேன். உள்ளே நிமிர்ந்துகொள்வேன். பிழைப்புக்குத் தட்டச்சு செய்துவந்தேன்.

எண்பதுகளின் பிற்பகுதி அது. மலைமக்களுக்காக உழைத்த ஓர் அறக்கட்டளை காவலூரில் சிறிய அலுவலகம் ஒன்று வைத்திருந்தது. சவ்வாது மலையின் சில பகுதிகளில் காட்டு எல்லையை மறுபடி வரையப் போகிறார்கள் என்று பேச்சு. எந்தச் சரிவில் தலைமுறையாகச் சாமை விதைத்தோம், எந்தப் புளியமரம் எங்கள் பாட்டன் வைத்தது என்று மக்கள் சத்தியம் செய்து சொல்ல வேண்டும். விசாரணை அதிகாரி அதைப் பார்த்து முடிவு செய்வார். நிரூபிக்க முடியாதவரின் நிலம் காட்டோடு சேர்ந்துவிடும். அந்தச் சாட்சியங்களை ஆங்கிலத்தில் அடித்துத் தரும் வேலைக்கு என்னை அழைத்தார்கள்.

அங்கேதான் அந்தக் கணிப்பொறி இருந்தது. யாரோ வெளிநாட்டு அன்பர் அனுப்பி வைத்தது. கறுப்புத் திரை, பச்சை எழுத்து. அலுவலகத்தை நடத்திய தேன்மொழி அம்மையார் வயதில் என் மகளை ஒத்தவர். மலைமக்கள் பேசப் பேச அவர் ஆங்கிலத்தில் சொல்வார். நான் நேரே பொறியில் அடிப்பேன். இடையில் தாள் என்பதே கிடையாது. அச்சிடும் கருவிக்கு மைநாடா வேலூரிலிருந்து வரவேண்டியிருந்ததால், எல்லாம் முடிந்தபின் ஒருசேர அச்சிடுவது என்று ஏற்பாடு.

அந்தப் பொறி என்னை மயக்கிற்று என்றே சொல்வேன். தட்டச்சில் ஒரு பத்தி இடம் மாறினால் பக்கத்தையே மறுபடி அடிக்க வேண்டும். இங்கோ, ஒரு பகுதியின் தலையில் ஒரு தொடக்கக் குறி, காலில் ஒரு முடிவுக் குறி... அவ்வளவுதான். நடுவில் இருப்பது ஒரு வரியானாலும் பல பக்கமானாலும் மொத்தமாகக் கட்டுண்டுவிடும்! பிறகு நகர்த்தலாம், படியெடுக்கலாம், அழிக்கலாம். மற்றவர்கள் அழிக்கும் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுத்தெழுத்தாகக் கொறித்துக்கொண்டிருக்க, நான் பக்கங்களைக் கதிர்க்கட்டுப் போலத் தூக்கி வைப்பேன். திரையைப் பார்ப்பதுகூட இல்லை. அடிப்பதைப் பாராமல் அடிப்பதே தட்டச்சுக்காரனுக்கு அழகு என்று பழகிய கை.

ஒன்று மட்டும் உறுத்திற்று. எதை எழுதினாலும் பிள்ளையார் சுழி இட்டுத் தொடங்குபவன் நான். அந்தப் பொறியில் தமிழ் எழுத்து இல்லை. வேறு எதையாவது இட்டால் தாளில் அச்சாகிவிடும். ஆகவே ஒரு வழி கண்டேன். காலையில் கோப்பைத் திறந்ததும் அதன் உச்சியில் தொடக்கக் குறியை இடுவேன். அது திரையில் தெரியும், தாளில் வராது. அதுவே என் சுழி. கைகூப்பிவிட்டு வேலையைத் தொடங்குவேன்.

தேன்மொழி அம்மையார் ஒருநாள் அதைப் பார்த்துவிட்டார். “என்னங்க ஐயா, கம்ப்யூட்டர்லயும் பிள்ளையாரைக் கூட்டியாந்து உக்கார வெச்சிட்டீங்களா?”

“எங்க குந்தினாலும் காப்பாத்தறவருதாம்மா அவரு,” என்றேன்.

இருவரும் சிரித்தோம். சிரித்தேனே!

அந்த நாட்களில்தான் நெல்லிவாசல்நாட்டுச் சிற்றூர் ஒன்றிலிருந்து காளியம்மா வந்தாள். கணவனை இழந்தவள். அவளுக்கு என்று இருந்தது ஒரே ஒரு சரிவு. கொஞ்சம் சாமை, சில புளியமரங்கள். மகன் ராமன் இளமையிலேயே செங்கல் சூளை வேலைக்குக் கீழே இறங்கிவிட்டவன். எல்லையெல்லாம் அம்மாவுக்குத்தான் தெரியும் என்று முதலிலேயே சொல்லிவிட்டான்.

காளியம்மா பொறியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். “நான் சொல்றதெல்லாம் இந்தப் பொட்டி முழுங்கிக்குமா சாமி?”

“ஆமாம்மா.”

“உள்ளயே வெச்சிக்குமா? எம் மருமவ மாதிரி ஊரெல்லாம் போய் கக்கிடாதே?”

“யம்மோவ்!” என்று ராமன் தலையில் அடித்துக்கொண்டான். “வந்த வேலையப் பாரு.”

“நீ கம்முனு இருடா. உம் பொண்டாட்டிய சொன்னா ஒனக்கு எங்க வலிக்குதுன்னு எனக்குத் தெரியும்.”

அப்படிப் பேசுகிறவள் அவள். அன்று முற்பகல் முழுதும் சொன்னாள். மாமனார் கல் பொறுக்கிய கதை, கரடி வந்த ஆண்டு, மழை பொய்த்த ஆண்டு, பிறகு நான்கு எல்லைகள். சன்னலுக்கு வெளியே கையை நீட்டி நீட்டிச் சொன்னாள். நான் அடித்தேன். அவள் தந்த சாட்சியம் கோப்பின் முதலில் நின்றது, அதற்கடுத்து ராமனுடையது.

சில நாட்கள் சென்றன. ஒரு பிற்பகல், ராமன் சாட்சியத்தின் தொடக்கத்தில் ஒரு பத்தி இருமுறை வந்திருப்பதைக் கண்டேன். அதில் முதலாவதை நீக்க வேண்டும். தலையில் ஒரு குறி, காலில் ஒரு குறி, பிறகு அழிக்கும் ஆணை. குழந்தையும் செய்யும் வேலை!

வாசலில் ஜீப் உறுமியது. ஒடுகத்தூருக்கு அன்று அதுதான் கடைசி வண்டி. ஓட்டுநர் ஏழுமலை குரல் கொடுத்தான்: “பதிகக்காரரே! வண்டி கெளம்புது. வர்றீங்களா, இல்ல மலைமேலயே சாமியாராய்டறீங்களா?”

“இதோ வர்றேம்பா!”

பத்தியின் காலில் முடிவுக் குறியை இட்டேன். தலையில் தொடக்கக் குறியை இட்டேனா? இட்டதாகவே நினைத்தேன். காலையில் இட்ட நினைவு கையில் இருந்தது போலும்... தொடக்கக் குறியோ கோப்பின் உச்சியிலேயே இருந்தது. என் சுழி!

அழிக்கும் ஆணையைக் கொடுத்தேன். பொறி ஒரு கேள்வி கேட்டது. ‘பகுதி மிகப் பெரிது. அழித்தால் மீட்க இயலாது. அழிக்கட்டுமா?’

நீங்கள் அங்கே இருந்திருந்தால் நின்றிருப்பீர்கள். ஒரு பத்தியை அழிக்கப்போகும் எனக்கு ஏன் இந்தக் கேள்வி என்று ஒரு நொடி எண்ணியிருப்பீர்கள். நான் எண்ணவில்லை. எனக்குத் தெரியாததா என்ற செருக்கு, போய்விடுமே என்று வண்டியின்மேல் கண். ஆம் என்றேன்.

திரை ஒருமுறை துடித்தது. நிமிர்ந்து பார்த்தேன். கோப்பின் முதல் வரியில் ராமன் பேசிக்கொண்டிருந்தான்.

காளியம்மா இல்லை.

மேலே போனேன், கீழே போனேன். ஒரு சொல்கூட இல்லை! உச்சியிலிருந்த சுழிக்கும் நான் இட்ட முடிவுக் குறிக்கும் நடுவே இருந்ததெல்லாம் போய்விட்டது. அந்த நேரம் தேன்மொழி அம்மையாரின் செருப்போசை தாழ்வாரத்தில் கேட்டது. அவர் கண்டுவிடுவாரே... அந்த ஒரே அச்சத்தில் கோப்பைச் சேமித்து மூடினேன்.

பின்னாளில் பொறியைப் பழுது பார்க்க வந்த ஓர் இளைஞரிடம் யாருக்கோ நேர்ந்ததுபோல் இதைக் கேட்டேன். “சேமிக்காம வெளிய வந்திருந்தாலே போதும் சார், பழசு அப்படியே இருந்திருக்கும்,” என்றார். “சேமிச்சிருந்தாலும் பரவால்ல. முந்தின பிரதி ஒண்ணை அதுவே எடுத்து வெச்சிருக்கும். மறுபடி சேமிச்சாதான் அதுவும் போகும்.”

மறுநாள் காலையில் நான் மறுபடி சேமித்திருந்தேன். பார்த்தீர்களா? முதலில் அழித்தது அவசரம். பிறகு அழித்ததெல்லாம் அச்சம்.

அன்றே சொல்லியிருக்கலாம். காளியம்மாவை மறுபடி அழைத்திருப்பார்கள். அவளும் என்னை நாலு வார்த்தை கிண்டல் செய்துவிட்டு மறுபடி சொல்லியிருப்பாள். என்ன குடி முழுகிப் போயிருக்கும்? ஆனால் ஓரடி பிசகாத பதிகக்காரர் பிசகினார் என்று ஆகிவிடுமே! வேலை போகுமே! வழக்குச் சாட்சியத்தை அழித்தவன் என்று பிடித்துப் போவார்களோ?

அப்போதுதான் என் கொடை என் காதில் பேசியது. ஆயிரமாயிரம் அடிகள் உனக்குள் இருக்கின்றனவே, ஒரு கிழவியின் பேச்சா தங்காது?

உட்கார்ந்தேன். கண்களை மூடினேன். வந்தது! மாமனார் வந்தார், கரடி வந்தது, பொய்த்த மழை வந்தது. எல்லைகளும் அவள் சொன்ன வரிசையிலேயே வந்தன: ஓடை, இரட்டைப் பாறை, பெரிய புளி, குலசாமிக் கல். நான்கும் ஒரு பாட்டின் நான்கு அடிகளாக நின்றன. எந்தத் திசையில் எது என்பது மட்டும் வரவில்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கோயிலை எப்படிச் சுற்றுவோம்? பழைய பாடல்களில் திசைகளை எப்படி எண்ணுவார்கள்? கிழக்கில் தொடங்கி வலமாக. கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு. வேறு விதமாகவும் ஒருவர் திசைகளைச் சொல்லக்கூடும் என்பது என் புத்தியில் உதிக்கவே இல்லை. கிழக்கே ஓடை, தெற்கே இரட்டைப் பாறை, மேற்கே பெரிய புளி, வடக்கே குலசாமிக் கல் என்று அடித்தேன். படித்துப் பார்த்தேன். அழகாக இருந்தது.

ஐயம் எழவில்லை என்று சொல்லமாட்டேன். எழுந்தது. கைநாட்டு வாங்கும் நாளில் சாட்சியத்தைத் தமிழில் படித்துக் காட்டும் பொறுப்பு என்னுடையது. காளியம்மா எதிரே அமர்ந்திருந்தாள். எல்லைகள் வந்தன. திசைகளை விட்டுவிட்டேன். “ஓடை, இரட்டைப் பாறை, பெரிய புளி, குலசாமிக் கல்,” என்று ராகத்தோடு இழுத்துப் படித்துக் கடந்துவிட்டேன்.

“சாமி படிச்சா நம்ம சாமைக்கொல்லைகூட கோயிலாட்டம் ஆய்டுது,” என்றாள். சிரித்துக்கொண்டே விரலை மையில் தோய்த்தாள்.

இறைவா! அந்த விரலை நான் பிடித்துத் தாளில் வைத்தேன். மண்வெட்டி பிடித்துக் காய்த்த விரல்...

விசாரணை மலைமேல் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. வாசல் மரத்தடியிலும் உள்ளேயும் கூட்டம். அதிகாரி முன்னே வரைபடத்தை விரித்து வைத்திருந்தார். அவர் கொடியவர் அல்லர் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

“ஏம்மா, உங்க நிலத்துக்கு கிழக்கால ஓடைன்னு எழுதியிருக்கு. அப்படீன்னா நிலம் ஓடைக்கு மேக்கால இல்ல இருக்கணும்? அது முழுக்க பழைய காடாச்சே.”

காளியம்மா விழித்தாள். “இன்னாங்க சொல்றீங்க? ஓடை மேக்கால கெடக்குது. ஓடைலேர்ந்து மேல ஏறி வந்துதான் நாங்க வெதைக்கிறது.”

அந்த நொடியில் எனக்கு விளங்கிவிட்டது. விதைக்கத் தொடங்கும் இடத்திலிருந்து எல்லையையும் சொல்லத் தொடங்கியிருக்கிறாள். மேற்கிலிருந்து, வலமாக! அவள் சொன்ன நான்கும் என் எழுத்தில் எதிர்த்திசைக்குத் திரும்பி நின்றன.

“கைநாட்டு உங்களுதுதானே?”

“என்னுதுதாங்க.”

“படிச்சுக் காட்டினாங்களா?”

“சாமிதான் படிச்சாரு.” என் பக்கம் கை காட்டினாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தேன்மொழி அம்மையாரும் பார்த்தார். அவர்தான் அன்று ஆங்கிலத்தில் சொன்னவர். ஆனால் எத்தனையோ பேருக்குச் சொன்னவர், எதையென்று நினைவில் வைப்பார்? அவர் கண்ணிலும் ஐயம் இருந்தது. தன்மேலேயே ஐயம்.

“படிச்சுக் காட்டினேங்க,” என்றேன்.

என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. ஒரு சொல் போதும், நிலம் அவளுடையது. தொண்டைவரை வந்தது. காவலர் ஒருவர் கதவருகே நின்றுகொண்டிருந்தார். அவருடைய பூட்சைப் பார்த்தேன்... விழுங்கிவிட்டேன்.

அதிகாரி பெருமூச்சு விட்டார். “அன்னிக்கு சத்தியம் பண்ணி ஒண்ணு, இன்னிக்கு ஒண்ணு. நான் எதைன்னு எழுதறது?” பேனாவை எடுத்தார்.

கூட்டத்தில் யாரோ, “கெழவிக்கு மேக்கு எது கெழக்கு எதுன்னே தெரியல,” என்றான். சிரிப்பு எழுந்தது.

வெளியே, காளியம்மா என்னிடம் வந்தாள். அடிப்பாள் என்று அஞ்சினேன். அடித்திருந்தால்! அவள் தன் வாயை முந்தானையால் பொத்தியபடி நின்றாள்.

“சாமி, நீங்க நல்லவரு. கேட்டத எழுதினீங்க. என் வாய்தான் அன்னிக்கு தப்பிப் போச்சா?”

நான் என்ன சொன்னேன் என்று கேட்கிறீர்களா?

“வயசாச்சில்லம்மா,” என்றேன்.

அந்தச் சரிவு காட்டோடு சேர்ந்தது. எல்லைக்கல் நட்டார்கள். அறக்கட்டளை மேல்முறையீடு செய்து பார்த்தது. கைநாட்டு வைத்த அந்தத் தாளே எதிரே நின்றது. வேலை முடிந்தபின் நான் கீழே வந்துவிட்டேன். மறுபடி பதிகம் ஓதினேன். ஊரார் புகழ்ந்தார்கள்.

பல ஆண்டுகளுக்குப் பின், ஒடுகத்தூர்ச் சந்தையில் யாரோ என் தோளைத் தொட்டார்கள். திரும்பினால் ராமன்! தலை நரைத்திருந்தது. அறிந்துவிட்டானோ? அடிக்க வந்தானோ?

“சாமி, நல்லாக்கீங்களா?” என்று கும்பிட்டான்.

“இருக்கேம்பா... அம்மா?”

“கீது. வூட்லதான் கீது. பேச்சுதான் இல்ல. நெலம் போன அன்னிக்கு ஆத்தாமைல நான்தான் கண்டபடி கத்திட்டேன், நீ ஒளறினதாலதான் போச்சின்னு. அன்னிலேர்ந்து வாயத் தொறக்கறதே இல்ல. சோறு வேணுமான்னா தலைய ஆட்டும். ‘என் வாய் கெட்ட வாய்டா’ன்னு எப்பவாச்சும் சொல்லும்.”

மருமகளைக் கிண்டல் செய்த வாய். கரடிக் கதை சொன்ன வாய்.

அவன் என் கையைப் பற்றினான். “உங்கள ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா மனசுல. பாட்டு எல்லாம் அட்சரம் பிசகாம ஞாபகம் வெச்சிக்கறவரு நீங்க. எங்கம்மா அன்னிக்கு இன்னாதாங்க சொல்லிச்சி? மேக்கால ஓடைன்னுதான் சொல்லிச்சின்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. நெலம் வேணாம் சாமி. நான் இப்பவே பஸ் ஏறிப் போய் அதும் கால்ல வுழுந்துடறேன்.”

நீங்கள் இப்போது எனக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பீர்கள். சொல்லிவிடு என்று சொல்வீர்கள். சந்தை நடுவில், பட்டப்பகலில், கைகூப்பி நிற்கும் ஒரு மகனிடம் சொல்லாமல் இருப்பவன் மனிதனா?

அவன் கைகளைப் பார்த்தேன். சூளையில் பழுத்த கைகள். என்னைச் சுற்றி, என்னை வணங்குகிற முகங்கள். அச்சம் என் வாயை மூடியது.

“நினைவில்லைப்பா,” என்றேன்.

அவன் தலையாட்டினான். என் கையை விட்டான். “பரவால்லங்க சாமி. எவ்ளோ காலமாச்சி,” என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குள் நடந்தான்.

அவன் எந்தப் பேருந்தில் ஏறினான் என்றுகூட நான் பார்க்கவில்லை. காளியம்மா இன்று இருக்கிறாளா, இல்லையா? கேட்டறிய ஒரு நடை போதும். போகவில்லை. இருந்தால் என்ன செய்வேன் என்ற அச்சம். இல்லையென்றால் என்ன ஆவேன் என்ற அச்சம். இதை முகமறியா உங்களிடம் சொல்லிவிட்டு, சொல்லவேண்டிய வீட்டுக்குச் சொல்லாமல் இருக்கிறேனே... இதுவும் ஒளிதல்தானோ?

இதைப் படித்தவரும், படிக்கக் கேட்டவரும், அவர்தம் மக்களும் நீடு வாழ்க. உங்கள் நிலம் உங்களுக்கு விளைக. உங்கள் வாய்ச்சொல் எவர் கைக்குப் போனாலும் சொன்னபடியே நிற்பதாக. செய்யாத பிழைக்கு உங்களை நீங்களே நொந்து வாய்மூடி இருக்கும் நாள் உங்களில் ஒருவருக்கும் வாராதிருப்பதாக.